இன்னும் படிக்கவில்லை என்ற பொத்தான்

அன்புள்ள தும்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும், கூப்பிடாமலே சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடும் உன் மாமாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தலையை நன்றாகத் துவட்டி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்த நம்பிக்கை பொய்யென்றால் இன்றிலிருந்தாவது அதை மெய்யாக்கு. போன ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் அறையிலிருந்து பேசினாயே, அந்த மெஷின் சத்தத்தில் நீ சொன்னது பாதிதான் காதில் விழுந்தது, மீதியை உன் மூச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். போனில் பேசினால் முதலில் உன் அழுகை வருகிறது, அடுத்து என் அழுகை, பேச்சுக்கு முறை வருவதற்குள் கடையிலிருந்து உன் அப்பா, யாரு போன்ல என்று கேட்டுவிடுகிறார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாலும் விட்ட வரி விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உன்னை நுண்கணித வகுப்பில் போட்டிருக்கிறார்கள். வாத்தியார் பலகையில் எழுத எழுத எல்லோரும் தலையாட்டுகிறார்கள், நீயும் ஆட்டுகிறாய், வெளியே வந்தால் கழுத்து வலிதான் மிச்சம் என்றாய். அந்த வகுப்புக்கு முந்தைய வகுப்பு ஒன்று இருக்கிறது, அதில் சொல்லித் தருவதெல்லாம் உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இவர்கள் மேலே போகிறார்கள், உனக்கு அது தெரியாது. கணக்குத் துறையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா உன்னிடம், மாதம் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால் முந்தைய வகுப்புக்கு மாறிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு முடியாது என்று சொல்லியிருக்கிறார். மாறினால் பாலம் கட்டும் படிப்பின் பெரிய பாடங்கள் உனக்கு ஒரு பருவம் தள்ளிப்போகும், கூட வந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். மாறாமல் இருந்து இதில் தவறிவிட்டால் பாலப் படிப்பே கையை விட்டுப் போகலாம். இறங்கட்டுமாம்மா என்று கேட்டாய். அப்பாகிட்ட சொல்லாதேம்மா என்றும் சொன்னாய். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அங்கே போய்ச் சேர எனக்கு வராது, உனக்குத் தெரியும், சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே உட்கார்ந்து அந்தத் தேர்வை எழுதினாயே, அந்த நாளைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் எந்தக் கணக்கு வகுப்பில் தொடங்கலாம் என்று பார்ப்பதற்குத்தான் இது, தேறுவதற்கோ தோற்பதற்கோ அல்ல என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதை யார் படித்தார்கள். நம் வீட்டில் தேர்வு என்றால் படையெடுப்பு. உன் அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கடைக் கதவில் மூடியிருக்கிறது என்ற அட்டையைத் தொங்கவிட்டார். உன் மாமா ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு, தானே எழுதப் போவதுபோலச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவன் எழுதாத பரீட்சை இல்லை, தேறின பரீட்சையும் இல்லை என்று உன் அப்பா சொல்வது பொய். இரண்டில் தேறியிருக்கிறான். நேர்முகத்துக்குப் போய்ப் பேசியே கெடுத்துக்கொண்டான். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நாலு விடை இருந்தது, அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான், இதை இன்னும் படிக்கவில்லை என்று எழுதியிருந்தது. இதை அமுக்கலாமா என்று நீ கேட்டாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நீ கேட்டாய். மாமாதான், "அது பொறி, தும்பி. அமுக்கினா சரியான சோம்பேறின்னு எழுதி வெச்சுருவான். தெரியலைன்னா கண்ணை மூடிட்டு மூணாவதைப் போடு, என் அனுபவத்துல மூணாவது கைவிட்டதே இல்ல" என்றான். உன் அனுபவத்தைத்தான் தினமும் பார்க்கிறோமே என்று அப்பா கேலி செய்தார், செய்துவிட்டு அவரும், இருந்தாலும் எதையும் விட்டுட்டு வராதேம்மா என்றார். நான் பக்கத்து அறையில் மண்டியிட்டு, இவள் தொடும் இடமெல்லாம் சரியான விடையாக இருக்கட்டும் என்று பிரார்த்தித்துக்கொண்டிருந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. கேட்கத் தெரியாமல் கேட்டவளுக்கும் வாரிக் கொடுக்கிற கை அது, நான் என்ன சொல்ல. நீ தெரிந்து போட்டதும் சரியாக விழுந்தது, தெரியாமல் போட்டதும் சரியாக விழுந்தது, நுண்கணிதம் என்று வந்தது. அன்றிலிருந்து உன் அப்பா யாருக்கு அளவெடுத்தாலும், கழுத்தில் தொடங்கிக் கணுக்கால் வருவதற்குள் உன் வகுப்பைச் சொல்லிவிடுவார். புதிதாக இறங்கிய துணியின் பெயரைச் சொல்வதுபோல, நுண்கணிதம், என்று இழுத்து, விரலால் தடவிப் பார்க்காத குறையாகச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தேன், அதையும் கடவுள் பிரார்த்தனையாக எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். நம் வீட்டு மத்தியானம் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். அப்பா கழுத்தில் அளவு நாடாவோடு கடை நாற்காலியிலேயே கண்ணசந்துவிடுவார், இஸ்திரிப் பெட்டியின் ஆவி வாசனை மெல்ல உள்ளே வரும், உன் அறைத் திரைச்சீலையில் வெயில் விழுந்து அறை முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஆகிவிடும். அப்படி ஒரு மத்தியானம் தூசி தட்டலாம் என்று போனவள் உன் பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். அந்தத் தேர்வுக்கு முன்னால் பழகிப் பார்ப்பதற்கென்று ஒரு மாதிரித் தேர்வு இருந்ததே, நீ எனக்குத் திறந்து காட்டியிருந்தாய், அது அப்படியே இருந்தது. என் கணக்குப் படிப்பு உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த புத்தகத்தை அடுத்த வருஷம் நான் சமையலறையில் வைத்துப் படித்ததுதான். அதில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்க்கலாமே என்று தொட்டேன்.

முதல் கேள்வியிலேயே எக்ஸ் வந்தார். அவரை எனக்கு எப்போதும் மரியாதையோடுதான் சொல்ல வரும், பெயர் தெரியாதவர் வாசலில் வந்து நின்றால் வாங்க என்றுதானே சொல்வோம். அடுத்தது இரண்டு ரயில், எதிரெதிராக வருகின்றன, எப்போது சந்திக்கும் என்று கேட்டது. எனக்கு அந்த ரயிலில் இருப்பவர்கள் மீதே நினைப்புப் போயிற்று, ஜன்னலோரத்தில் யாரோ ஒரு பெண் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு எதிர் ரயிலைப் பார்ப்பதுபோலத் தோன்றியது, விடையே மறந்துபோயிற்று. அதற்கும் அடுத்து வந்த கேள்வியில் எழுத்தும் எண்ணும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன, பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது, ஒன்றும் புரியவில்லை. கை தானாக மூணாவது விடைக்குப் போயிற்று. பிறகு ஏனோ தயங்கிற்று. நான் வீட்டுக் கணக்கு எழுதும்போது ஏதாவது எங்கே போயிற்று என்று தெரியவில்லையென்றால் ஊகித்து எழுத மாட்டேன், நினைவில்லை என்று ஒரு வரி போட்டுவிடுவேன். உன் மாமா அதைப் படித்துவிட்டுச் சிரிப்பான், ஆனால் அந்த ஒரு வரி இருப்பதால்தான் கூட்டல் சரியாக வருகிறது. அதனால் சாம்பல் பொத்தானை அமுக்கினேன். தும்பி, அது ஒன்றுமே சொல்லவில்லை. சிவப்பாக எதுவும் எரியவில்லை. கொஞ்சம் லேசான கேள்வி ஒன்றை எடுத்து வைத்தது. அதுவும் தெரியாது, மறுபடி அமுக்கினேன். இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தது. மாடியிலிருந்து ஒருவர், எங்கேம்மா இருக்கீங்க, எங்கேம்மா இருக்கீங்க என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வருவதுபோல இருந்தது. அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்ட இடத்தில் நான் இருந்தேன். அங்கே வந்து நின்றது. கடைசியில், நீங்கள் தொடங்கும் இடம் பின்னங்கள் என்று எழுதிக் காட்டியது. தேறினேனா தவறினேனா என்று திரை முழுவதும் தேடினேன், அந்த வார்த்தையே கிடையாது. உன்னிடம் சொல்வதற்கென்ன, கண் நிறைந்துவிட்டது. எனக்கு என்ன தெரியாது என்று சொன்னவர்கள் நிறையப் பேர். நீ இங்கிருந்து தொடங்கு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்படியே உன் நாற்காலியில் தலைசாய்ந்து தூங்கிப்போனேன். ஒரு பெரிய கட்டடம் கனவில் வந்தது, நிறைய வாசல், ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒவ்வொரு நிறத்தில் வெளிச்சம், பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீ மட்டும் மேலே ஒரு வாசலில் நிற்கிறாய், உன் பாவாடை காற்றில் பலூன்போல உப்பியிருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறாய். ஆனால் உன் கால் எதிலும் படவில்லை. அம்மா, இங்க தரையே இல்லம்மா என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய். அந்தச் சிரிப்பில்தான் பயந்து விழித்தேன். விழித்தால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நீ சொல்லாதே என்றாய், நான் சொல்லவில்லை. என் முகம் ஏதாவது சொல்லியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. அவர் திரையைப் பார்த்தார், இது நம்ம தும்பி எழுதினதுதானே என்றார், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தானும் எழுத உட்கார்ந்துவிட்டார். பின்னமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, காலும் அரைக்காலும் நாள் முழுவதும் கையில் புழங்குவதுதானே. எக்ஸ் வந்ததும் நின்றுவிட்டார். கீழ இருக்கிற இந்த அஞ்சாவது என்ன என்று கேட்டார், சொன்னேன். அமுக்கினா திட்டுமா என்றார். திட்டாது, லேசா ஒண்ணு கேக்கும் என்றேன். ஒரே ஒரு தடவை அமுக்கினார். புதுக் கேள்வி வந்தது. அதற்கு விடை போடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு மரியாதையா கேக்குது. இதையா நாம அமுக்க விடல" என்றார். பிறகு, ஞாயித்துக்கிழமை அழுதாளா என்று கேட்டார். நான் திரைச்சீலையைச் சரி செய்தேன். எழுந்து கடைக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் வரை மெஷின் சத்தம் கேட்கவில்லை, கத்தரிக்கோல் சத்தமும் கேட்கவில்லை.

மறுநாள் நடந்ததைக் கேள். பல் டாக்டர் புது பேன்ட்டைப் போட்டுப் பார்க்க வந்திருந்தார், உன் மாமாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், நான் தேநீர்த் தட்டோடு திரைக்குப் பின்னால் நின்றேன். டாக்டர் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தால் இடுப்பில் பட்டனைப் பூட்ட முடியவில்லை. வெளியே வந்து, "என்ன டெய்லர், பேன்ட் தெச்சீங்களா இல்ல ஆளையே சேர்த்துத் தெச்சீங்களா" என்றார். அப்பா, "நான் சரியாத்தான் தெச்சேன் டாக்டர். அளவெடுக்கறப்ப நீங்க வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நின்னீங்க. நாடாவை ஏமாத்தலாம், உக்கார்றப்ப துணியை ஏமாத்த முடியாது" என்றார். டாக்டர் வெட்கத்தில் பேச்சை மாற்ற நினைத்து, அது கிடக்கட்டும், பொண்ணு எப்படி இருக்கா, நுண்கணிதம் எப்படிப் போகுது என்று கேட்டுவிட்டார். நான் தேநீர்த் தட்டைத் தரையில் வைத்துவிட்டேன். உன் அப்பா குண்டூசிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு, "அவளும் உங்களை மாதிரிதான் டாக்டர், வயித்தை இழுத்துக்கிட்டு நின்னா. அவளா நிக்கல, நாங்கதான் சுத்தி நின்னு இழுக்க வெச்சோம். இப்ப முந்தின வகுப்புக்கு மாறப்போறா, அதான் அவளுக்குச் சரியான அளவு" என்றார். நீ மாறப்போகிறாய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, தும்பி. உன் மாமாதான் பதறிப்போய், "என்ன அத்தான், ஊர் பூரா சொல்லிட்டு இப்பப் போய் இப்படிச் சொன்னா எப்படி" என்றான். அதற்கு அவர், "ஊர் பூரா சொன்னது நான். மாத்திச் சொல்றதும் நான். உன்னை என்ன ஜெராக்ஸ் எடுத்து செவுத்துல ஒட்டவா சொன்னேன்" என்றார். டாக்டர் அதைக் கேட்டுத் திடுக்கிடவுமில்லை, பரிதாபப்படவுமில்லை. அப்படியா, சரி, என் பேன்ட் எப்போ கிடைக்கும் என்றார். இவ்வளவு நாள் நீயும் நானும் பயந்துகொண்டிருந்தது கடைசியில் இந்த பேன்ட் கேள்வியோடு முடிந்துபோயிற்று என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உன் மாமா அன்று இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ளவில்லை. தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா, அவகிட்ட சொல்லு, மூணாவதை இனிமே நம்ப வேண்டாம்னு" என்றான். அவன் மீது கோபப்படாதே. தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை உனக்குக் கொடுத்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இறங்கட்டுமா என்று கேட்டாய். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை, ஆனால் வேறு வார்த்தை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், இறங்கு என்றே சொல்கிறேன். ஒரு பருவம் தள்ளிப்போனால் போகட்டும், பாலம் வரத் தாமதமாகிறது என்று எந்த ஆறும் கோபித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடாது. அடிப்படை தெரியாமல் தலையாட்டிப் படித்தவள் கட்டுகிற பாலத்தில் பெற்றவள் என்றாலும் நான் கால் வைக்க மாட்டேன், உன் மாமாவை முதலில் அனுப்பிப் பார்ப்பேன். கூட வந்த பிள்ளைகள் முன்னால் போவார்கள்தான், சாப்பாட்டு மேஜையில் அவர்கள் பேசுவது ஒன்றிரண்டு உனக்குப் புரியாது, அது வலிக்கும், வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காகவோ அப்பா கடையில் சொல்லிவிட்டார் என்பதற்காகவோ செய்யாதே. ஒரு தடவை நாங்கள் எல்லோரும் உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றது போதும். உனக்கு எது தெரியும், எது தெரியாது என்பது உனக்கும் உன்னைப் படைத்தவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் முன்னால் தெரியாது என்று சொல்ல நாம் வெட்கப்படுகிறோமா. வாத்தியார் முன்னால் மட்டும் என்ன வந்தது. அந்தக் கணக்குத் துறை அம்மாவின் அறைக்குப் போனால் வணக்கம் சொல்லு, மன்னிப்புக் கேட்காதே. நீ ஒரு தப்பும் செய்யவில்லை, அவர் வேலையே அதுதான். முந்தைய வகுப்பில் முதல் நாளே புரியாத ஒன்று வந்தால் கையைத் தூக்கு, தலையை ஆட்டாதே, கழுத்துக்கு நல்லது.

வீட்டு விஷயம் வேறென்ன. கடைக்குப் பள்ளிச் சீருடை நிறைய வந்திருக்கிறது, வீடு முழுவதும் நீல நூல், என் சீப்பில்கூட. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, அப்பா நாளைக்குச் சரி செய்வதாகப் போன மழைக்காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். உனக்குக் குளிருக்கு ஒரு மேல்சட்டை தைத்திருக்கிறார், தனியாக வரும், இப்போது கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் அவரைக் கேலி செய்யாதே. நானும் பின்னத்தில் தொடங்கிவிட்டேன். தினம் மத்தியானம் ஒரு பக்கம். நேற்று, கால் பங்கைக் கால் பங்கால் பெருக்கினால் இன்னும் சின்னதாகிறது என்று படித்து வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெருக்கினால் சின்னதாகிற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று இவ்வளவு நாள் தெரியாமலே சமைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் பிரார்த்தனையை மாற்றிக்கொண்டேன். உன்னை மேலே வை என்று இப்போது கேட்பதில்லை. உன் கால் படுகிற இடத்தில் உன்னை நிற்க வை என்று கேட்கிறேன். உனக்குத் தூக்கமும் பசியும் துணிச்சலும் குறையாமல் இருக்கட்டும், படிப்பதெல்லாம் கையில் தங்கட்டும், கட்டுவதெல்லாம் நிலைத்து நிற்கட்டும் கண்ணு. விரைவுத் தபாலில் போடுகிறேன், மாதக் கடைசிக்கு முன்னால் வந்துவிடும், வந்ததும் தள்ளிப்போடாதே, அன்றைக்கே அந்த அறைக்குப் போ. போய்க் கையெழுத்துப் போட்டதும் ஒரு வரி எழுது. அந்த வகுப்பின் பெயரை முழுதாக, எழுத்துப் பிசகாமல் எழுது. உன் அப்பா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அளவெடுக்க ஆட்கள் வருகிறார்கள், பேரு தெரியாம நான் என்னன்னு சொல்றது என்கிறார்.

எப்போதும் உன் பக்கம் திரும்பியிருக்கும்,
அம்மா